கெரோல்டின் காரிலும் ஹில்கேயின் கழுத்திலும்

என் தங்கை ஹில்கே புருஷனைப் பிரிந்து வந்தபோது வீட்டைக் கேட்கவில்லை, தோட்டத்தைக் கேட்கவில்லை, கண்ணாடி அலமாரி நிறைய இருந்த கல்யாணப் பீங்கானைக்கூடக் கேட்கவில்லை. ஒரு போன் நம்பரை மட்டும் கேட்டாள். அதை மட்டும் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் அவன்.

அவன் பெயர் கெரோல்ட். வட ஜெர்மனியில் வெஸ்டர்ஸ்டேடே ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கெல்லாம் பால் கறக்கும் மெஷின் விற்கிறவன். காலையில் காரில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவான். கியருக்குப் பக்கத்தில் சுருள் வயரோடு ஒரு போனைப் பதித்து வைத்திருந்தான். யூரோ வருவதற்கு முன்னால், மார்க் நோட்டு புழங்கிய கடைசி வருஷங்கள் அவை. எல்லார் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்தாலும், காருக்குள்ளேயே போன் வைத்திருப்பவனுக்கு ஒரு தனி மிதப்பு இருந்தது. கெரோல்டிடம் அந்த மிதப்புக்குக் குறைச்சலே இல்லை.

ஒரே நம்பருக்கு இரண்டு சிம் கார்டு கொடுத்தார்கள் அப்போது. ஒன்று கார் போனில், இன்னொன்று கையில் எடுத்துப் போகிற போனில். கையிலிருக்க வேண்டியதை அவன் ஹில்கேயிடம் கொடுத்து வைத்திருந்தான். அவன் காரை விட்டு இறங்கி ஏதாவது தொழுவத்துக்குள் நிற்கும் நேரத்தில் கூப்பிடுகிற விவசாயிகளுக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படி ஊர் சுற்றி விற்கிறவர்களின் பெண்டாட்டிகள் எல்லாரும் சம்பளமில்லாத ஆபீஸ்தான்.

இரண்டு போனும் சேர்ந்து மணியடிக்காது. எதைக் கடைசியாகப் போட்டார்களோ அதற்குத்தான் அழைப்பு போகும். அவன் காரில் ஏறி அங்கிருக்கும் போனைப் போட்டால் நம்பர் காருக்குப் போய்விடும். அவன் இறங்கிய பிறகு ஹில்கே தன் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் அவளிடம் திரும்பி வரும். நம்பரை இழந்த போன் பார்ப்பதற்கு உயிரோடுதான் இருக்கும். அதிலிருந்து வெளியே பேசலாம். ஆனால் அதை யாரும் கூப்பிட முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கூப்பிடவும் முடியாது, இரண்டு பேருக்கும் ஒரே நம்பர்தானே. இத்தனை வருஷத்தில் அது ஒரு குறையாக அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் குடும்பத்தின் லட்சணம் அப்படி.

அவர்களுக்கு ஒரே மகள், இன்ஸா. பேங்கில் பயிற்சி வேலையை விட்டுவிட்டு, நாடகக் குழுக்களுக்கு மேடை கட்டுகிற ஒரு டச்சுக்காரப் பையனோடு போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கெரோல்ட் அவளைக் கன்னத்தில் அறைந்தான். உருளைக்கிழங்குக் கிண்ணம் உருண்டு கீழே விழுந்தது. அவள் பையைத் தூக்கி வாசலில் எறிந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற காரில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அதை அணைக்க மாட்டான். அறைந்த கையின் சூடு ஆறுவதற்குள் போய், கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ ஒரு விவசாயியோடு சிரித்துச் சிரித்துப் பேசினான்.

அதனால் இன்ஸா வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எதுவும் அவன் காதில் விழவில்லை.

“அவரு அடிச்சதுகூடப் பரவாயில்லைம்மா. நீ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே பாரு, அதுதான் எனக்கு ஆறலை. நீ என்னைக்கு இந்த ஆளை விட்டுட்டு வர்றியோ, அன்னைக்கு நான் வருவேன். அதுவரைக்கும் உன் வாசலை மிதிக்க மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். விலாசம் கிடையாது. எப்போதாவது ஒருமுறை, ஏதோ ஒரு தெருமுனைப் போன் கூண்டிலிருந்து, ஹில்கேயின் போன் அடிக்கும். எந்த நம்பர் என்று காட்டாது. சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா, ஒன்றும் கிடையாது. “இன்னும் அங்கதான் இருக்கியா?” என்று மட்டும் கேட்பாள். ஹில்கேக்குப் பொய் சொல்ல வராது. “ஆமா கண்ணு” என்பாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்படும். நான் ஒருமுறை பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெகுநேரம் நின்றாள். அவளை உலுக்கி, “போடி, இன்னைக்கே பெட்டியைக் கட்டு” என்று கத்தினேன். அவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். ஒரு வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, ஒரு வசந்த காலத்தில் பெட்டியோடு என் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது மகளுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்தது. இல்லை என்கிற ஒற்றைப் பதில். கேட்க வேண்டியவளுக்குத் தெரிந்ததோ அந்த ஒரு நம்பர்தான். கெரோல்ட் அந்தப் பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன் கிடங்குக்கு மேலே ஒரு அறையில் படுத்துக்கொண்டான். வீட்டு போன் லைனும் அத்தோடு போயிற்று. நான் இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் ரொட்டிக்கடை போட்டதும் இன்ஸா போன பிறகுதான் என்பதால் என் நம்பர் எதுவும் அவளுக்குத் தெரியாது. போலீசில் போய்ச் சொன்னோம். வயது வந்த பெண், தன் இஷ்டத்துக்குப் போயிருக்கிறாள், நாங்கள் என்ன செய்வது என்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

நம்பர் விஷயமாகக் கெரோல்ட் என் சமையலறைக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“அந்த நம்பரு காரோட ரெண்டு பக்கமும் பெயின்ட்ல இருக்கு. நான் குடுத்த காலண்டர் தொங்காத தொழுவம் இந்த ஜில்லாவுல இல்லை. அதைக் குடுத்துட்டு நான் நடுத்தெருவுல நிக்கவா?”

“புது நம்பரு வாங்கி, புதுசா பெயின்ட் அடிச்சுக்கோ. உனக்குத்தான் வாய் இருக்கே, வீடு வீடாப் போய்ச் சொல்லு” என்றேன்.

“மாடு மடி கட்டிக்கிட்டுக் கத்தும்போது விவசாயி பழைய காலண்டரைத்தான் பாப்பான் அக்கா. உங்களுக்கு ரொட்டிக்கடை. காலையில வராதவன் சாயங்காலம் வருவான். என் பொழப்பு அப்படியா?”

“இன்ஸா கூப்பிட்டா?” என்றாள் ஹில்கே.

“கூப்பிட்டா என்ன? அவ எனக்கும் மகதான். நானும்தான் காத்துக்கிட்டிருக்கேன். நீ மட்டும்தான் பெத்தியா?”

அதைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் என்றாலும், அந்தத் தடுமாற்றம் நடிப்பு இல்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பகலில் நம்பர் காரில். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் ஹில்கேயிடம். அந்த நேரங்களில் காரை எடுத்தாலும் கார் போனை அவன் போடக்கூடாது. செய்தி பதிவு செய்கிற வசதியை மறுபடி வாங்கு என்று ஹில்கே கெஞ்சினாள். விவசாயிகள் அதில் கெட்ட வார்த்தை பேசி வைக்கிறார்கள் என்று அவன் மறுத்துவிட்டான்.

அவன் போன பிறகு நான் அவளிடம் கேட்டேன். “இன்ஸா என்ன கேக்கிறான்னு அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானேடி? ஏன் மூடி மூடி வைக்கிறே?”

“சொன்னா என் குடும்பத்தைக் கெடுத்தவளே அவதான்னு தொழுவம் தொழுவமாப் போய்ச் சொல்லுவான். வேண்டாம்க்கா. என் மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும்.”

பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் போனை அணைப்பதும் போடுவதும்தான். கெரோல்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் இல்லை. எங்காவது மெஷின் நின்றுபோனால் ஏழு மணிக்கும் காரை எடுப்பான், கை பழக்கத்தில் போனையும் போட்டுவிடுவான். ஹில்கேயின் போனைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் அவள் சந்தேகம் வந்தபோதெல்லாம் தன் போனை அணைத்துப் போடுவாள். சந்தேகம் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதும் வரும், பல் தேய்க்கும்போதும் வரும். சில சமயம் கீழே வந்து என் வீட்டு போனிலிருந்து அந்த நம்பரைச் சுழற்றிப் பார்ப்பாள். மாடியில் மணியடித்தால் நிம்மதியாக ஏறிப் போவாள். அடிக்காவிட்டால் கார் போனில் அவன் குரல் வரும்.

“மறுபடியும் சோதனையா? கஸ்டம்ஸ்ல வேலைக்குப் போயிருக்கலாம் நீ.”

“மணி ஆறரை. அணை.”

“அரை மணி நேரத்துல உன் மக ஓடிப்போயிடுவாளா?”

“ஏற்கெனவே ஓடித்தான் போயிருக்கா” என்று சொல்லி இவள் வைப்பாள்.

இப்படியே கோடை போய், இலையுதிர் காலம் போய், பனிக்காலம் வந்தது. இன்ஸாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒருவேளை கூப்பிட்டாளோ, அப்போது இவள் போனை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

பிப்ரவரியில் எங்கள் ஊரில் கோஸ் நடை போவோம். பனி பட்ட சுருட்டைக் கோஸைச் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்குப் பசி உண்டாக்க வேண்டுமாம். தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கைவண்டியில் தானியச் சாராயத்தை ஏற்றிக்கொண்டு வயல் வழியே நடப்போம். ஒவ்வொருத்தர் கழுத்திலும் கயிற்றில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை தொங்கும். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டி நிற்கும், குவளை நிறையும். ஹில்கே வரமாட்டேன் என்றாள். நான்தான் விடவில்லை. வந்தவள் கழுத்தில் குவளையோடு போனையும் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள்.

வண்டியை இழுத்து வந்தவர் ஒன்னோ, எங்கள் பக்கத்து வீட்டுப் பண்ணைக்காரர். நல்ல மனுஷர். ஆனால் வாயை வாடகைக்கு விட்டவர்.

“ஏம்மா ஹில்கே, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி என்னத்தைக் கட்டிக்கிட்டு வர்றே? தொலைஞ்சு போயிடுவேன்னு அக்கா கட்டிவிட்டாளா?”

“உங்க வாய்க்குத்தான் ஒண்ணு கட்டணும்” என்றாள் ஹில்கே. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். இரண்டு குவளை போன பிறகு கன்னம் சிவந்து, ஒன்னோவோடு சேர்ந்து, நடைக்கு நடுவே ரோட்டில் மரப்பந்தை உருட்டி எறிகிற எங்கள் ஊர் விளையாட்டையும் ஆடினாள். போனை அணைத்துப் போடக்கூட மறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமைதானே, நம்பர் நம்முடையதுதானே என்று நானும் நினைவுபடுத்தவில்லை.

நடை முடிந்து சாப்பாட்டு விடுதியில் போய் உட்கார்ந்தோம். கோஸும் சாஸேஜும் ஆவி பறக்க வந்தன. பாதி சாப்பாட்டில் கதவு திறந்தது. தொழுவத்து ரப்பர் பூட்ஸோடு கெரோல்ட் நின்றான். தரையெல்லாம் சாணம். விடுதிக்கார அம்மாள் திட்ட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அப்படி ஒரு பிரகாசம் அந்த முகத்தில்.

“ஹில்கே! இன்ஸா பேசினா!”

ஹில்கே எழுந்தாள். கழுத்துக் குவளை மேஜையில் இடித்தது.

“எங்க பேசினா? உன் கார்லயா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

“அட, கோவிச்சுக்காதே. ஒரு பண்ணையில பம்பு நின்னுபோச்சு, பார்ட்ஸ்காரனைக் கூப்பிடணும்னு ஒரே ஒரு நிமிஷம் போட்டேன். அவன்கூடப் பேசி வச்ச கையோட மணி அடிக்குது. எடுத்தா, நம்ம இன்ஸா! என் குரலைக் கேட்டும் வைக்கலை, தெரியுமா?”

“என்ன கேட்டா?”

“‘அம்மா இன்னும் அங்கதான் இருக்காளா’ன்னு கேட்டா.”

நான் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நீ என்ன சொன்னே?” என்றாள் ஹில்கே.

“நான் என்ன மடையனா, நீ பிரிஞ்சு போயிட்டேன்னு சொல்றதுக்கு? ‘இங்கதான்மா இருக்கா, அடுப்படியில நிக்கிறா, நாங்க எப்பவும் போல நல்லாதான் இருக்கோம், நீ வா’ன்னேன். எனக்காக அவ வரமாட்டா, அது எனக்குத் தெரியும். உனக்காகத்தான் வருவா. அதான் அப்படிச் சொன்னேன்.” அவன் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான், சபாஷ் என்று யாராவது சொல்வார்கள் என்பது போல. “பின்னால ஒரு சின்னக் குழந்தை அழுதுச்சு ஹில்கே. அவளோடதாத்தான் இருக்கும்.”

“அப்புறம்?”

“‘அப்ப சரி, இனிமே நான் கூப்பிட மாட்டேன்’னு வச்சிட்டா. கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கும், இருக்காதா பின்னே? ஆனா வருவா பாரு.”

ஹில்கே மறுபடி உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பால் விலை சொல்கிற மாதிரி, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். வாசலில் இன்ஸா சொன்னதை, கூண்டிலிருந்து வந்த அழைப்புகளை, ஒவ்வொரு முறையும் அதே கேள்வி வந்ததை, தான் எதற்காக வீட்டை விட்டு வந்தோம் என்பதை. ஒன்னோ தலையைக் குனிந்துகொண்டார்.

கெரோல்டின் முகத்திலிருந்து பிரகாசம் ஒரேயடியாகப் போகவில்லை. புரியப் புரியக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். “யாரும் என்கிட்டச் சொல்லலையே. அவ வாசல்ல நின்னு சொன்னப்ப நான் எங்க இருந்தேன்?”

“கார்ல போன் பேசிக்கிட்டு இருந்தே” என்றாள் ஹில்கே.

அவன் அப்படியே வெளியே போனான். சாளரம் வழியாகப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து, அந்தச் சுருள் வயர் போனைக் கையில் எடுத்து, பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். வந்த அழைப்பைத் திருப்பிக் கூப்பிட ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தான் போல. காட்டாத நம்பரை யார் கூப்பிடுவது?

மறுநாளே கார் போனிலிருந்து சிம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேஜையில் வைத்தான். “வச்சுக்கோ, முழுசா உன்னோடது” என்றான். தனக்குப் புது நம்பர் வாங்கினான், காரில் புது பெயின்ட் அடித்தான். அவன் சொன்னது சரிதான், விவசாயிகள் பழைய காலண்டரைத்தான் பார்த்தார்கள். பாதி வியாபாரம் வேறு ஆளுக்குப் போயிற்று. சனிக்கிழமைகளில் எல்லை தாண்டிப் போய், டச்சு ஊர்களில் நாடகக் கொட்டகை நாடகக் கொட்டகையாக நின்று அந்தப் பையனை விசாரித்தான். பையனின் முதல் பெயர் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். முழுப் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலேதான் அன்று மகளை அறைந்திருக்கிறான்.

இப்போது நம்பர் ராத்திரி பகல் ஹில்கேயுடையது. அணைத்துப் போட வேண்டியதில்லை, யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. முன்பு எவ்வளவு கெஞ்சினாளோ அவ்வளவும் கிடைத்துவிட்டது. போன் அடித்தால் எடுத்தவுடன், அந்தப் பக்கம் யார் என்று கேட்பதற்கு முன்னால், “ஹில்கே பேசறேன். நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன். தனியாதான் இருக்கேன்” என்கிறாள். இன்ஸா குரல் கொடுக்காமல் வைத்துவிட்டால்? அதற்குள் அவள் காதில் அது விழுந்துவிட வேண்டும் என்று.

அந்தப் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு விவசாயி. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வந்தும்மா... பால் குழாய்ல காத்து ஏறுது” என்பார். இவள் பொறுமையாகக் கெரோல்டின் புது நம்பரைச் சொல்லி வைப்பாள். சங்கதி ஜில்லா முழுக்கப் பரவி, வெட்டிப் பயல்கள் சிலர் சாராயக் கடையிலிருந்து அதைக் கேட்பதற்காகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தனை நான் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி திட்டினேன். “திட்டாதேக்கா” என்றாள் ஹில்கே. “பக்கத்துல நின்னு அவ கேட்டுக்கிட்டிருந்தா?”

எனக்கு நம்பிக்கை இல்லை. வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை அம்மா மாதிரி மெதுவானவள் இல்லை, அப்பா மாதிரி, முடிவெடுத்தால் எடுத்ததுதான். ஹில்கேயிடம் இதை நான் சொன்னதில்லை.

போன வாரம் ரொட்டிக்கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டேன், வீட்டில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்க. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

“ஹில்கே பேசறேன். நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன். தனியாதான் இருக்கேன்.”

“நான்தான்டி, அல்மூட்” என்றேன்.

“என்னக்கா?”

“உருளைக்கிழங்கு இருக்கான்னு கேக்கலாம்னு...”

“இருக்கு. வச்சிடுக்கா, லைன் அடைபடும்” என்று சொல்லிவிட்டு, நான் வைப்பதற்கு முன்னால் அவளே வைத்துவிட்டாள்.